போட்டுப் பார்க்கும் முன்...

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். அந்த ஆடை முழுவதும் நம்முடையதாக ஆவதற்கு முன்னால் ஒரு சிறு இடைவேளை உண்டு. கடையில் எடுத்து, போட்டுப் பார்த்து, பணம் கொடுக்கும் வரையுள்ள நேரமே அது. அந்தக் கால் மணி நேரத்தில் உடை கடைக்காரருடையது. நமக்குப் பிடிக்காமற்போனால் நாளை முகமறியாத வேறொரு பெண்ணுடையது. அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்வது என்று வீட்டிலும் யாரும் சொல்லித் தருவதில்லை, பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம். இதற்காக எங்களில் நால்வர் கடலூரிலும், விடுதியில் தங்கிப் பயிலும் தோழியர் இருவர் விடுமுறையில் சிதம்பரத்திலும் கடைகளில் பணிபுரியும் அக்காமாரிடம் பேசி வந்தோம்.

எங்கள் பாட்டிமார் காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. அவர்கள் உடை வாங்கியதில்லை, துணி 'எடுத்தார்கள்'. இன்றும் நாம் "கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க லாரன்ஸ் ரோட்டுக்குப் போகிறோம்" என்றுதானே சொல்கிறோம்? மீட்டர் கணக்கில் கிழித்த துணியைக் கொடுத்தால் தையற்காரர் நாடாவால் அளவெடுப்பார்; அல்லது பழைய சட்டை ஒன்றை 'அளவுச் சட்டை' என்று வாங்கி வைத்துக்கொள்வார். சேலையை யாரும் கட்டிப் பார்த்து வாங்குவதில்லை. கண்ணாடி முன் தோளில் போட்டுக் காட்டினாலே போதும். செருப்பும் அப்படித்தான். தைப்பவர் காகிதத்தின் மேல் பாதத்தை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வார். வெளியூர் போகும் அப்பா, பிள்ளையின் பாத நீளத்துக்கு ஈர்க்குச்சியை ஒடித்துச் சட்டைப்பையில் எடுத்துப் போவதும் உண்டு. எங்கள் வகுப்பில் சிலர் வீட்டில் இப்பழக்கம் இன்றும் இருக்கிறது. குச்சி நீளத்தைச் சொல்லும், அகலத்தைச் சொல்லாது!

ஆயத்த ஆடைகளும் அட்டைப் பெட்டிக் காலணிகளும் பெருகிய பிறகுதான், ஒரே உடையைப் பத்துப் பேர் போட்டுப் பார்த்துப் பதினோராமவர் வாங்கும் நிலை வந்தது.

எண்ணைப் பார்த்து வாங்கினால் போதாதா, போட்டுப் பார்ப்பது எதற்கு என்று சிலர் கேட்கலாம். காலணியின் எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆங்கிலேயர் ஓர் அங்குலத்தை மூன்று வாற்கோதுமை மணிகளாகப் பிரித்தனர். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி, அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கணக்குத்தான் நம் கடைகளிலும் வழங்கி வருகிறது. ஆனால் அது வெள்ளையர் பாதத்தைக் கண்டு வகுத்தது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தார்கள். ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட நம் பாதங்கள் அகலமானவை என்று கண்டார்கள். பெண்களின் பாதம் 11 வயதையொட்டி மிக வேகமாக வளர்கிறது என்பதும் அதில் தெரிந்தது. இந்தியருக்கென்றே 'பா' என்ற புதிய அளவு முறையையும் பரிந்துரைத்துள்ளனர். பாரதம் என்பதன் முதலெழுத்தே அந்தப் 'பா'. உடைக்கும் இதே கதைதான். இந்திய உடல்வாகுக்கு ஏற்ற அளவுப் பட்டியல் தயாரிக்க, தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் (நிஃப்ட்) 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கும் திட்டத்தை மேற்கொண்டது. இத்தனை முயற்சி தேவைப்படுகிறது என்றால், சட்டையின் கழுத்தில் ஒட்டிய எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே போட்டுப் பார்ப்பது பேராசையும் அல்ல, பகட்டும் அல்ல. அது அவசியம்.

முதலில் காலணிக் கடைக்குப் போவோம். மாலையில் போவதே நல்லது. நாள் முழுவதும் நின்று நடந்து, பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருக்கும் ஷூ மாலைப் பிரார்த்தனைக்குள் கடிக்கத் தொடங்கிவிடும். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. அதனால் இரண்டையும் போட்டு, எழுந்து நின்று, நாலு அடி நடந்து பார்க்க வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும்.

இது நம் வசதி. இனி மற்றவர் வசதி. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் நம் ஊர்ச் செருப்புக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். புழுதியும் வியர்வையுமாகக் கால்கள் வரிசையாக நீளும். சிதம்பரத்திலோ இன்னொரு விசேஷம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் தேரோடும் நான்கு வீதிகளில் மக்கள் வெறுங்காலோடு சுற்றி வருவார்கள். கடைகளும் அந்த வீதிகளில்தான் நிறைய. தேர் பார்த்த காலோடு அப்படியே கடைக்குள் நுழைந்து வெள்ளைச் செருப்பைப் போட்டுப் பார்த்தால், உள்ளங்காலின் படமே அதில் பதிந்துவிடும். அந்த ஜோடியை அப்புறம் யார் வாங்குவார்?

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒன்று நினைவுக்கு வரும். பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், பங்குத் தந்தை கழுவுவதற்கு முன்பே வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள்! கோயிலில் நம் பாதத்தருகே ஒருவர் குனிவதற்கு அத்தனை கூச்சப்படுகிறோம். கடையிலும் ஒரு மனிதர் நம் பாதத்தருகேதான் குனிந்து வார் மாட்டிவிடுகிறார். அவருக்கும் மூக்கு இருக்கிறது. ஒரு கைக்குட்டையால் காலைத் துடைத்துக்கொள்வதற்கும், "நானே மாட்டிக்கொள்கிறேன் அண்ணா" என்று சொல்வதற்கும் அரை நிமிடம்கூட ஆகாது. ஷூ வாங்கப் போகும்போது துவைத்த காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். சில கடைகளில் மெல்லிய காலுறையோ பாலிதீன் உறையோ தருகிறார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இதில் அழகு மட்டுமல்ல, ஆரோக்கியமும் இருக்கிறது. விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும், தோலில் வட்டமாகப் பரவும் படர்தாமரையும் ஒருவகைப் பூஞ்சைகளால் வருகின்றன. ஈரமும் வெப்பமும் இவற்றுக்கு விருந்து. கடற்கரை ஊரான கடலூரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இப்பூஞ்சையின் நுண்வித்துக்கள் காலணிக்குள்ளும் துணியிலும் மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும் என்று எங்கள் உயிரியல் ஆசிரியை விளக்கினார். சொறி சிரங்கை உண்டாக்கும் சிறு பூச்சி மனித உடலை விட்டு இரண்டு மூன்று நாட்களே பிழைக்கும். ஒரு முறை போட்டுப் பார்ப்பதாலேயே நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை; தோலில் கீறலோ புண்ணோ இருந்தால்தான் கூடுதல் கவனம் வேண்டும். நமக்கே அப்படிப்பட்ட தொல்லை இருந்தால், அது ஆறும்வரை கடையில் வெறுங்காலில் எதையும் போட்டுப் பார்க்காமல் இருப்பது அடுத்தவருக்குச் செய்யும் உதவி.

இனி உடைக்கு வருவோம். போட்டுப் பார்க்கும் அறையை எல்லோரும் 'டிரையல் ரூம்' என்றே சொல்கிறோம். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன தெரியுமா? கண்ணாடியின் ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் பொட்டுகள்! சட்டையைத் தலைவழியாகப் போடும்போது விழுந்துவிடும் என்று எடுத்து ஒட்டியவர்கள், திரும்ப எடுக்க மறந்துவிடுகிறார்கள். ஓர் அக்கா தினமும் இரவில் அவற்றைச் சுரண்டி எடுப்பாராம். பொட்டாவது பரவாயில்லை. முகப்பவுடர், கண்மை, உதட்டுச் சாயம், தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய், காயாத மருதாணி, முகத்தில் பூசிய மஞ்சள் ஆகிய இவையெல்லாம் கழுத்துப் பட்டியில் ஒட்டிக்கொண்டால் அந்த உடை 'கறைபட்ட உருப்படி' என்று ஒதுக்கப்படும். இதற்கு ஓர் எளிய வழியை அந்த அக்காவே சொல்லிக் கொடுத்தார். கைக்குட்டையை விரித்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டு, பிறகு சட்டையைத் தலைவழியாக இறக்க வேண்டும். துணியில் ஒன்றும் படாது. பின்னல் ஊசியும் சங்கிலியும் வலைத்துணியில் மாட்டிக் கிழிப்பதுண்டு. முன்னதாகக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிடலாம். உள்ளாடைகளைப் போட்டுப் பார்க்கக் கூடாது; நாடாவால் அளந்து வாங்குவதே முறை. பாவாடை, சுரிதார் போன்றவற்றை நம் உள்ளாடையின் மேலேயே பார்க்க வேண்டும். மாதத்தின் சில நாட்களில் இந்த வேலையையே தள்ளிப்போடுவது நல்லது என்று அம்மாமார் சொல்வதில் நியாயம் உண்டு. அதைத் தீட்டு என்று நாங்கள் எண்ணவில்லை, துணியின் பாதுகாப்புக்காகவே சொல்கிறோம். காதணியைக் காதில் மாட்டிப் பார்க்காமல், காதருகே பிடித்துப் பார்த்தால் போதும்.

2020இல் கொரோனாத் தொற்றுக்குப் பின் கடைகளைத் திறந்தபோது, மகாராஷ்டிர அரசு துணிக்கடைகளில் போட்டுப் பார்க்கும் அறையே கூடாது, வாங்கியதை மாற்றித் தருவதும் கூடாது என்று விதித்தது. பிறர் தொட்டது நம்மிடமும், நாம் தொட்டது பிறரிடமும் வருகிறது என்பதை ஊரே உணர்ந்த காலம் அது. அந்த அச்சம் போய்விட்டது நல்லதுதான். கவனமும் கூடவே போய்விட்டது என்பதுதான் எங்கள் வருத்தம்.

அறைக்குள் ஒரு நிமிடம் சுற்றும் முற்றும் பார்க்கவும் தயங்காதீர்கள். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, மேலேயும் கதவின் இடுக்கிலும் கேமரா ஏதாவது திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பது சந்தேகப் புத்தி அல்ல. 2015 ஏப்ரலில் கோவாவில் ஒரு துணிக்கடையில், உடை மாற்றும் அறைப் பக்கம் கேமரா திரும்பியிருந்ததைக் கண்டு அன்றைய மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி அவர்களே புகார் செய்ய நேர்ந்தது. பெண்ணின் தனிமையை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2013 முதல் தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவில் அது உள்ளது. அப்படி ஏதும் கண்டால் உடனே வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் நமக்காகவே உள்ளன.

போட்டுப் பார்த்த பின் என்ன செய்கிறோம்? உள்பக்கம் வெளியே தெரிய, சுருட்டி, ஸ்டூலின் மேல் எறிந்துவிட்டுப் போகிறவர்களே அதிகம் என்றார்கள். ஒரு சுரிதாரைப் பழையபடி ஊசி குத்தி, அட்டை வைத்து மடிக்க நாலைந்து நிமிடம் ஆகும். ஒருவர் எட்டு உடைகளை எடுத்துப் போய் ஒன்றையும் வாங்காமல் வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மடிப்பவர் யார்? காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருக்கும் அக்கா. அவர்களில் சிலர் நம் பள்ளியிலேயே, நாம் உட்காரும் இதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கால் நரம்பு முடிச்சிட்டுப் புடைத்திருப்பதை ஒருவர் சேலையைச் சற்று உயர்த்திக் காட்டினார். அடிக்கடி கழிப்பறைக்குப் போக முடியாதென்று தண்ணீரே குறைவாகக் குடிப்பதாக இன்னொருவர் சொன்னார்.

இந்தக் குறை நம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியே முதலில் கழிப்பறைக்கும், பிறகு உட்காரும் உரிமைக்கும் போராடினார்கள். 2018இல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தும் மசோதா 2021 செப்டம்பர் 6 அன்று சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம். அதைக் கொண்டுவந்த அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி. வெ. கணேசன் நம் கடலூர் மாவட்டத் திட்டக்குடித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பது நமக்குப் பெருமை. முக்காலி போட்டிருக்கும் கடைகளைக் கண்டோம். முக்காலி இருந்தும் உட்காராதவர்களையும் கண்டோம். "யாராவது வந்தால் எழுந்திருக்கத்தானே வேண்டும், அதற்கு நிற்பதே மேல்" என்றார் ஓர் அக்கா. நாம் உள்ளே நுழையும்போது அவர் உட்கார்ந்திருந்தால், "பரவாயில்லைக்கா, உட்காருங்க, நாங்களே பார்க்கிறோம்" என்று சொல்லலாமே! ஒரு தடவைக்கு மூன்று உடைகளுக்கு மேல் எடுத்துப் போகாமல், வேண்டாததை நேராக்கி அவர் கையில் கொடுத்து வந்தால், மடிக்கும் வேலையாவது பாதி குறையும்.

இன்னொரு வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூடவே பில்லை வைத்துக்கொண்டு, பிடிக்கவில்லை என்றால் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று பல கடைகள் அனுமதிக்கின்றன. சிலர் அட்டையைப் பிய்க்காமல் உள்ளே மறைத்துக்கொண்டு, திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஒருநாள் உடுத்திவிட்டு, மறுநாள் 'அளவு சரியில்லை' என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களாம். மல்லிகை வாசனையோடு திரும்பி வந்த ஒரு பட்டுப்பாவாடையைப் பற்றிச் சிதம்பரத்து அக்கா சொன்னார். "அதை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். துவைத்தால் புதுக்கருக்குப் போய்விடும் என்பதால் இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டு, மடித்து, மறுபடியும் அடுக்கிலேயே வைத்துவிட்டார்களாம்.

ஆகவே கடையிலிருந்து வந்த உடையை ஓரத்தில் மஞ்சள் தடவியதோடு உடுத்திவிடாமல், துவைக்கக் கூடிய துணியானால் ஒரு முறை அலசிவிடுவதே நல்லது. சுருக்கம் விழாமல் இருக்கச் சில துணிகளில் சேர்க்கும் ஃபார்மால்டிஹைடு கலந்த பசையும் ஒட்டாத உபரிச் சாயமும் சிலர் தோலில் அரிப்பை உண்டாக்கும். அலசினால் இவையும் பெருமளவு குறையும். புதுத்துணியைத் தனியாக அலச வேண்டும். இல்லையேல் அப்பாவின் வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாகிவிடும். கிறிஸ்துமஸ் உடையானால் 24ஆம் தேதி மாலை வரை காத்திராமல் இரண்டு நாள் முன்னதாகவே அலசிப் போடுங்கள். மார்கழி மாதத்துக் கடலூர்க் காற்றில் ஒரே இரவில் எந்தத் துணியும் காய்ந்ததில்லை.