மடிக்கணினிக்குப் பெரிய வன்தட்டு

கண்மாய் சிறிதாயின், பெய்த மழை மறுகால் பாய்ந்து வீணே கழியும் என்பதனை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி உழவர் நன்கறிவர். மடிக்கணினியின் நிலையும் அத்தகையதே. வன்தட்டு நிரம்பியபின் பழையது ஒன்றை அழித்தாலன்றிப் புதியது ஒன்றைச் சேர்த்தல் இயலாது.

தமிழக அரசு, மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிற்று. எல்காட் வாயிலாகப் பெற்று முதற்கட்டத்தில் வழங்கிய பொறிகளின் வன்தட்டு 320 ஜி.பி. அளவினது. எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில் தமையன் பயின்ற பொறியே தங்கைக்கும் உதவுதல் இயல்பு. நாட்டார் பாடல் தொகுக்கும் தமிழ் மாணாக்கர் அதில் மூதாட்டியரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்து வைப்பர். பாடியவர் மறைந்தபின் அப்பதிவை அழித்தால் மீட்டும் பெறுதல் எங்ஙனம்? ஆதலின் அழிப்பதனினும் வன்தட்டை மாற்றுதலே தக்கது.

வன்தட்டாவது, காந்தப் பூச்சுடைய தகடு சுழலும் சிறு பெட்டி. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். படிக்கும் முனை தகட்டைத் தொடாது, மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் மிதந்து செல்லும். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகளைக் கொண்டும், ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கிற்று. இக்காலத்து எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே இன்மையின், அது விரைவுடையது, அதிர்ச்சியையும் பொறுக்கும்.

வாங்குமுன் பழைய தட்டின் அளவை நோக்குக. பழைய பொறிகளிற் பெரும்பாலனவற்றுக்கு 2.5 அங்குலச் சாட்டா வகையே பொருந்தும். 7 மில்லிமீட்டர் கனத்திற்கு அமைந்த இடத்தில் 9.5 மில்லிமீட்டர்த் தட்டு நுழையாது. 500 ஜி.பி. தட்டு, விண்டோஸ் திரையில் ஏறத்தாழ 465 எனத் தோன்றுதல் கண்டு மருளற்க. செய்வோர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவர். விண்டோஸ் 1024 வீதம் எண்ணும். வேறுபாடு அவ்வளவே.

இனி, மாற்றும் முறை. முதற்கண், இன்றியமையாத கோப்புகளை வேறொரு கருவியிற் படியெடுத்துக்கொள்க. பின்னர்ப் புதிய தட்டை யு.எஸ்.பி. இணைப்பி வழியே பொருத்திக் குளோனிங் மென்பொருளால் பழைய தட்டு முழுவதையும் அதன்கண் படியாக்குக. அது முடிந்தபின் பொறியை அணைத்து, மின்கம்பியை அகற்றி, பேட்டரியையும் கழற்றுக. உடலில் தங்கிய நிலைமின் நீங்க உலோகப் பொருளொன்றைத் தொடுக. அடிமூடியின் திருகாணிகளை நீக்கி, பழைய தட்டை வளைக்காது நேரே இழுத்து, அதன் சட்டகத்தைப் புதியதற்கு மாற்றிப் பொருத்துக. பொறி இயங்கியபின், மிகுந்து நிற்கும் வெற்றிடத்தைப் பகுதியோடு சேர்த்து விரிக்க வேண்டும். இன்றேல் பழைய அளவே பயன்படும். புழுதிக்காற்று மிக்க நம் நாட்டில் இப்பணியைச் சாளரம் அடைத்த அறையிற் செய்தல் நலம். வன்தட்டின் சொந்தப் பெட்டியை ஒருபோதும் திறத்தலாகாது.

பழைய தட்டை உடனே துடைத்துவிடற்க. புதியது செவ்வனே இயங்குவதைச் சில வாரம் கண்டபின், பழையதனை உறையிலிட்டு இரண்டாம் படியாகப் போற்றுக. இடம் பெருகுதல் வேறு. காவல் பெருகுதல் வேறு. பெரிய தட்டு பழுதுற்றால் இழப்பும் பெரிதாம். ஆகவே, அரிய பதிவுகள் இரண்டு தட்டுகளிலும், கூடுமாயின் இரண்டு இல்லங்களிலும் இருத்தல் வேண்டும்.