கதவில் துரு, "வாரண்டி வராது" என்கிறது ஷோரூம்: கார் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

வாங்கி மூன்று வருஷம்கூட ஆகாத கார். வாட்டர் சர்வீஸ் விட்டு எடுக்கும்போது கதவின் அடி ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருப்பது கண்ணில் படுகிறது. நகத்தால் கீறினால் பழுப்பாக உதிர்கிறது. ஷோரூமுக்குக் கொண்டு போனால் பதில் தயாராக இருக்கிறது. "சார், இது வெளியில இருந்து வந்த துரு. கடல் காத்து, மழைத் தண்ணி, இதுக்கெல்லாம் வாரண்டி வராது."

சென்னை பெசன்ட் நகரில் இருப்பவரிடம் இதைச் சொன்னால் அவர் யோசிப்பார். ஆனால் வேலூருக்கும் ஆரணிக்கும் நடுவில் இருக்கும் கண்ணமங்கலத்துக்காரரிடமும் இதே பதில்தான் வரும். கடற்கரை அங்கிருந்து 100 கி.மீ-க்கும் அப்பால் இருக்கிறது. பட்டு நெசவை நம்பி வாழும் ஆரணி வட்டாரத்தில், சேலைக் கட்டோடு காஞ்சிபுரம், சென்னை என்று ஓடும் கார் பல வீடுகளில் தறிக்கு அடுத்த பெரிய முதலீடு. அதில் துரு விழுந்தால் அழகு கெடுவதோடு நிற்காது, விற்கும்போது விலையும் விழும். அப்படியானால் இந்தச் செலவு யாருடையது?

எல்லாத் துருவும் ஒன்றல்ல

இரும்பு, தண்ணீர், காற்றிலிருக்கும் ஆக்சிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான். உப்பு இல்லாவிட்டால் துரு வராது என்பதில்லை.

இதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையில் காரின் முழுக் கூட்டையும் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் பூசுகிறார்கள். இ.டி. கோட் என்பது இதன் பெயர். மடிப்பு, இடுக்கு எல்லாவற்றுக்குள்ளும் பூச்சு போய் ஒட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். பல மாடல்களில் தகடே துத்தநாகம் பூசியதாக இருக்கும். துத்தநாகம் முதலில் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். இவற்றின் மேல்தான் கலர் பெயிண்ட், அதற்கும் மேல் கிளியர் கோட்.

சைலன்சர், பிரேக் டிஸ்க், அடியில் உள்ள போல்ட்டுகள் ஆகியவற்றில் மேலாகப் படியும் துரு சகஜம். ஒரு ராத்திரி மழையில் நின்ற காரின் பிரேக் டிஸ்க் காலையில் பழுப்பாக இருக்கும், நாலு தடவை பிரேக் அடித்தால் போய்விடும். இதற்காக ஷோரூமில் சண்டை போடுவது வீண்.

கல் பட்டு, சுவரில் உரசி பெயிண்ட் போன இடத்தில் வரும் துருவும் காருக்குச் சொந்தக்காரர் கணக்கில்தான் சேரும். பிரச்சினைக்குரியது மூன்றாவது வகை. வெளியே ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் கதவின் அடி மடிப்பிலோ, பானட் ஓரத்திலோ, டிக்கி விளிம்பிலோ பெயிண்ட் உள்ளிருந்து கொப்பளித்து வருகிறது. கவனிக்காமல் விட்டால் தகடு ஓட்டையாகும்.

வாரண்டி புத்தகத்தில் உள்ள அந்த ஒரு வார்த்தை

வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் "12 வருஷ துரு வாரண்டி" என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். அது எல்லாத் துருவுக்குமானது அல்ல. தகடு உள்ளிருந்து அரித்து ஓட்டையாக வேண்டும், அப்போதுதான் செல்லும். மேலே கொப்பளித்தால் அது பெயிண்ட் கணக்கு, அதற்குக் காலம் குறைவு. இந்தியாவில் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவை 6 வருஷ ஓட்டை வாரண்டி, 3 வருஷ பெயிண்ட் வாரண்டி என்று தனித்தனியாக அறிவித்திருக்கின்றன. பல நிறுவனங்களில் துருவுக்குத் தனி வாரண்டியே கிடையாது. 3 வருஷம் அல்லது 1 லட்சம் கி.மீ என்கிற பொது வாரண்டிக்குள் "தயாரிப்புக் குறை" என்று நிரூபித்தால் உண்டு. கூடுதல் பணம் கட்டி எடுக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், எலெக்ட்ரிக்கல் பாகங்களுக்குத்தான். பாடி, பெயிண்ட் அதில் வராது. விற்கும்போது இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்னொரு பக்கம், விலக்குப் பட்டியல். கடல் காற்று, உப்பு, ரசாயனம், பறவை எச்சம், தொழிற்சாலைப் புகை, வெளியில் செய்த டிங்கரிங் வேலை இவற்றால் வரும் சேதம் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கும். கடல் காற்று கண்ணமங்கலத்துக்குப் பொருந்தாது. ஆனால் சாயம் முக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் தினமும் காரை நிறுத்துகிறவர் "ரசாயனம்" என்ற வார்த்தையை ஒருமுறை படித்து வைத்துக்கொள்வது நல்லது. நிறுவனத்தின் வக்கீல் அதைக் கட்டாயம் படித்திருப்பார்.

கோவா காரும் உச்ச நீதிமன்றமும்

துரு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோவாவில் ஒருவர் 2011-ல் புதிய டாடா கார் வாங்கப் பணம் கட்டினார். கைக்கு வந்தது 2009-ல் தயாரான கார். மீட்டரில் ஏற்கெனவே 622 கி.மீ ஓடியிருந்தது, அடிப்பாகத்தில் துரு. புதிய கார் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று மாவட்ட மன்றம் உத்தரவிட்டது. மாநில, தேசிய ஆணையங்களும் அதை ஏற்றுக்கொண்டன.

ஆனால் 2021 பிப்ரவரி 18-ல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பு நிறுவனத்தின் மீதான உத்தரவை ரத்து செய்தது. காரணம் இதுதான்: நிறுவனம் காரை டீலருக்கு விற்றுவிட்டது, டீலர் தன் கணக்கில் வாடிக்கையாளருக்கு விற்கிறார். டீலர் செய்த காரியம் நிறுவனத்துக்குத் தெரியும் என்று காட்டாமல் அதை நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது.

இதில் கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியது, துருவுக்கு இரண்டு பேர் காரணமாக இருக்கலாம் என்பது. தொழிற்சாலையில் பூச்சு சரியாக ஒட்டாமல் போயிருந்தால் நிறுவனம். டீலரின் யார்டில் மாதக்கணக்கில் மழையில் நின்றிருந்தாலோ, இறக்கும்போது அடிபட்டு யாருக்கும் சொல்லாமல் டிங்கரிங் பார்த்துக் கொடுத்திருந்தாலோ டீலர். வழக்கு போடுகிறவர் ஒருவரை மட்டும் சேர்த்தால் "நான் இல்லை, அவர்" என்று கைகாட்டிவிடுவார்கள். அதனால் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

அதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கார் தயாரான மாதமும் வருஷமும் அதில் இருக்கும். வாங்கிய தேதிக்கும் அதற்கும் இடைவெளி அதிகம் என்றால், அந்தக் காலத்தில் கார் எங்கே நின்றது என்பதே முதல் கேள்வி.

எதிர்பார்ப்பிலும் ஒரு அளவு வேண்டும். 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது வரைதான், முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு கதவில் துரு என்றால் புதிய கதவும் பெயிண்ட்டும் கேட்பது நியாயம். புதிய கார் கேட்டால் மனு பலவீனமாகும்.

ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள்?

பல புகார்கள் தோற்பது சட்டத்தால் அல்ல, காகிதம் இல்லாததால். காரை விடும்போது சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் "பாடி செக்" என்று எழுதி முடித்துவிடுவார். அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. "இடது பின் கதவு அடி மடிப்பில் பெயிண்ட் கொப்பளிப்பு, துரு, வெளியே கீறல் இல்லை" என்று முழுசாக எழுதச் சொல்லி நகல் வாங்க வேண்டும். "வாரண்டி வராது" என்று வாயால் சொன்னால் போதாது. எந்த நிபந்தனையின்படி வராது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். தர மறுத்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அன்றைக்கே மின்னஞ்சல் போட்டுவிட வேண்டும். மறுத்த தேதி அதில் பதிவாகிவிடும்.

போட்டோ எடுக்கும்போது துரு பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும். மீட்டரையும் எடுத்துக்கொள்ளலாம். முக்கியமாக, எதிர்ப்பக்கக் கதவையும் பார்க்க வேண்டும். இடது கதவில் இருக்கும் அதே இடத்தில் வலது கதவிலும் கொப்பளிப்பு இருந்தால், அதைக் கல் பட்ட கணக்கில் சேர்ப்பது கஷ்டம். கல் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வந்து அடிக்காது.

பெயிண்ட் தடிமன் அளக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. பழைய கார் வாங்கி விற்பவர்களிடம் இருக்கும். தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் காட்டும். மற்ற இடமெல்லாம் 110 காட்டி, துரு வந்த கதவு மட்டும் 300, 400 காட்டினால் அங்கே யாரோ பட்டி பார்த்திருக்கிறார்கள். சொந்தக்காரர் செய்யவில்லை என்றால், விற்பனைக்கு முன்பே நடந்ததா என்று டீலரைக் கேட்கலாம்.

இந்த வேலைகள் முடியும்வரை வெளி டிங்கரிங் கடையில் காரைத் தொட விடக் கூடாது. "தம்பி, ஆயிரம் ரூவால முடிச்சுடலாம்" என்று யாராவது சொல்வார்கள். முடிந்துவிடும், ஆதாரமும் சேர்த்து. அதற்காக வழக்கு முடியும்வரை துருவை வளர்க்கவும் தேவையில்லை. நிபுணர் பார்த்து அறிக்கை எழுதியபின் சரிசெய்துகொள்ளலாம். பில்லையும், கழற்றிய பாகத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருவண்ணாமலையிலேயே வழக்கு போடலாம்

ஷோரூம் வேலூரில், கம்பெனி ஆபீஸ் டெல்லியில் என்றால் அங்கெல்லாம் அலைய வேண்டுமா? வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 34-வது பிரிவுப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்கு போடலாம். கண்ணமங்கலம் என்றால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

கட்டணமும் குறைவு. 5 லட்சம் வரை ஒன்றும் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் மனு தரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஷோரூம் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதில் ஓடுவது இந்த 2 வருஷம்தான்.

பரிசோதனை தேவைப்பட்டால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்ப 38-வது பிரிவு வழி செய்கிறது. அப்படிப்பட்ட வழக்கை 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தயாரிப்புக் குறையை நிரூபிக்கும் சுமை புகார்தாரர் மேல் விழுவதால், "உள்ளிருந்து வந்த துரு" என்று எழுதித் தரும் ஒரு நிபுணர் அறிக்கை பத்து போட்டோவுக்குச் சமம்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அதற்கில்லை, நிறுவனத்திடம் கொண்டு போவது மட்டும்தான். ஆனாலும் சில நேரம் ஷோரூம் அளவில் அசையாதது அங்கே அசையும்.

அடிச்சட்டத்தில் துரு என்றால்?

கதவு ஓட்டையானால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் அரித்தால் உயிருக்கு ஆபத்து. இது வேறு ரகம். அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா பிக்கப் உள்ளிட்ட வண்டிகளின் சேசிஸ் அரித்துப்போன விவகாரத்தில், 2016 நவம்பரில் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்கு சேசிஸைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மாற்றித் தர நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிடப்பட்டது. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுவதால் துரு வழக்கு பழகிப்போன சங்கதி.

இந்தியாவில் இதற்கு வாகனத் திரும்பப் பெறும் விதி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 7 வருஷத்துக்கு உட்பட்ட வாகனங்களில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை பலருக்கு இருந்தால், அரசே நிறுவனத்தைத் திரும்பப் பெறச் சொல்லலாம். கதவு ஓரத் துருவுக்கு இது பொருந்தாது.

இன்சூரன்ஸ் கை கொடுக்குமா என்றால், துருவைத் தேய்மானமாகத்தான் அவர்கள் பார்ப்பார்கள், பணம் வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி வெள்ளத்தில் கார் மூழ்கினால் முழு இன்சூரன்ஸில் கேட்கலாம். அப்படி மூழ்கி எழுந்த சென்னைக் கார்கள் பெயிண்ட் அடித்து உள்மாவட்டங்களுக்கு விலை குறைவாக வருவதுண்டு. பழைய கார் வாங்குகிறவர்கள் தரை மேட்டைத் தூக்கி, சீட் அடியில் உள்ள கம்பியையும், ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

கைக்காசு போட்டுச் சரிசெய்வதானால்

டிங்கரிங் கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுக்கிறீர்களா? அதன்மேல் எபாக்ஸி பிரைமர், பிறகு பட்டி, பிறகு பெயிண்ட். ஓட்டை விழுந்திருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். துருவின் மேலேயே பட்டி அப்பினால் அடுத்த ஐப்பசி மழைக்கு அதே இடத்தில் மறுபடி கொப்பளிக்கும்.

கதவுகளின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். செம்மண் அப்பி அது அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும். மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிட்டால் போதும். ஷோரூமில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு அடிக்கும் அண்டர்பாடி கோட்டிங்கில் இந்த ஓட்டைகள் மூடிப்போவதும் நடக்கிறது. கோட்டிங் அடித்து வந்த அன்றைக்கே கதவைத் திறந்து, உள்ளே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, கீழே வடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.