உப்புத்தண்ணி தொட்டி ஒழுகுதா? முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க!

காலையில எழுந்தா ஹால் தரையெல்லாம் ஈரம். நீமோ மீன் நீந்துற தொட்டியில தண்ணி ரெண்டு இன்ச் குறைஞ்சிருக்கு. உடனே துணியோட ஓடாதீங்க. கடல்நீர் மின்சாரத்தை நல்லாவே கடத்தும். மெயினை அணைச்சிட்டு அப்புறம் கை வைங்க.

தரை காய்ஞ்சிருக்கு, மட்டம் மட்டும் குறையுதா? ஹைட்ரோமீட்டரைப் பாருங்க. ஆவியானா உப்பு உள்ளேயே தங்கி, அடர்த்தி 1.025-ஐத் தாண்டி ஏறும். ஒழுகினா உப்பும் சேர்ந்தே போயிடும், அளவு மாறாது. கீழ் மூட்டுல வெள்ளையா உப்பு பூத்திருந்தா, கசிவு அங்கேதான்.

மீன்களை அதே தண்ணியோட பக்கெட்டுக்கு மாத்தி, பேட்டரி ஏர் பம்ப் போடுங்க. பாறைகளும் தண்ணிக்குள்ளேயே இருக்கணும். கழிவை முறிக்கிற பாக்டீரியா குடியிருக்கறது அதுலதான்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்னு நம்ம மாவட்டத்துலயே கடல் இருக்கேன்னு குடத்துல மொண்டு வந்து ஊத்தத் தோணும். வேணாமே! கரையோரத் தண்ணி கலங்கல், படகு டீசலும் கலந்திருக்கலாம். 200 லிட்டருக்குச் சுமார் 7 கிலோ உப்பு வேணும். மீன்தொட்டிக்கான உப்பு கைவசம் இருக்கட்டும்.

கசிவு மேல சிலிக்கான் பூசுறது வேஸ்ட். பழைய சிலிக்கான் மேல புதுசு சரியா ஒட்டாது. தொட்டியைக் காலி பண்ணி, பழசை பிளேடால சுரண்டி, கழுவிக் காயவைங்க. பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் டியூப் மீனுக்கு விஷம். மீன்தொட்டிக்குன்னே விக்கிறதை வாங்குங்க. வினிகர் வாடை முழுசா போகணும், குறைஞ்சது 48 மணி நேரம். அப்புறம் வெறும் தண்ணி நிரப்பி ஒருநாள் வாசல்லயே வைங்க. கண்ணாடியே விரிசல்னா, புதுத்தொட்டிதான்.