வீடு திரும்பும் வீரன்

மாலைச் செபம் முடிந்தபின் பாட்டியார் கதை சொல்ல, பேரப்பிள்ளைகள் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் நம் கரிசல் சீமையில் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. அக்கதைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். ஒருவன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். காட்டிலும் கடலிலும் இன்னல்களை எதிர்கொள்கிறான். முடிவில் அரியதொன்றைப் பெற்று ஊர் திரும்புகிறான்.

அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்ப்பெல், 1949-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், பல நாட்டுக் கதைகளை ஒப்புநோக்கி, இப்பயணத்தை மூன்று படிகளாக வகுத்தார். முதலாவது புறப்பாடு: ஓர் அழைப்பு வரும், வீரன் தயங்குவான், துணை கிடைத்தபின் எல்லையைக் கடப்பான். இரண்டாவது சோதனை: துன்பங்கள் அவனைப் புடமிடும், அரும்பேறு கைகூடும். மூன்றாவது திரும்புதல்: பெற்றதைத் தன் மக்களுக்கெனக் கொண்டுவருவான். எல்லாக் கதைகளும் இவ்வரம்புக்குள் அடங்கிவிடுமோ என ஐயுற்றோரும் உளர். ஆயினும் இம்மூன்று படிகளை வாழ்க்கையிலும் காண்கிறோம்.

தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை, நம் பாலவனத்தமே சான்று. இவ்வூர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1867-இல் பிறந்தவர். சொற்பொழிவாற்ற மதுரைக்குச் சென்ற அவர், திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்க, சங்கம் வளர்த்த அந்நகரில் அவை எளிதில் கிடைக்கவில்லை என்பர். அந்த மனவேதனையே அவருக்கு வந்த அழைப்பு. உறவினரான பாஸ்கர சேதுபதி மன்னர் துணை நின்றார். 1901 செப்டம்பர் 14 அன்று மதுரையில் தமிழ்ச் சங்கம் தோன்றியது. நூலகமும், பாடசாலையும், ‘செந்தமிழ்’ என்னும் இதழும் உருவாயின. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்து, வெளியிட வழியின்றி வருந்திய ‘அபிதான சிந்தாமணி’யும் இச்சங்கத்தின் வாயிலாக 1910-இல் அச்சேறியது. மறு ஆண்டே தேவர் மறைந்தார். தம் செல்வத்தைப் பிறர் கற்கும் கல்வியாக்கித் தந்ததே அவர் பயணத்தின் மூன்றாம் படி.

இம்மூன்றாம் படியைக் குறித்து ஒன்று சொல்ல விரும்புகிறோம். மழை பொய்த்தால் வேறு வழியில்லாத பூமி இது. நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் புறப்படுகிறார்கள். ‘வென்று வா’ என்று வாழ்த்தி அனுப்புகிறோம். வெல்லாதவன் என் செய்வான்?

சென்ற ஆண்டு வீடு சந்திக்கச் சென்றபோது, ஒரு தாயிடம் மகனைப்பற்றி வினவினோம். கடன் வாங்கி வெளியூர் சென்றவன். மூன்று கிறிஸ்துமஸ் கடந்தும் வரவில்லை. “வெறுங்கையோட எப்படிச் சாமி வருவான்?” என்றார் அவர். அக்குரலில் சினமில்லை, வெட்கமே இருந்தது. அதே வெட்கந்தான் மகனையும் அங்கே கட்டிப்போட்டிருக்கிறது என உணர்ந்தோம்.

லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கதையிலும் ஒருவன் புறப்படுகிறான், பஞ்சமும் பன்றித் தொழுவமுமாகிய சோதனையில் வீழ்கிறான், திரும்புகிறான். அவன் கையில் ஏதுமில்லை. ஆயினும் தொலைவில் அவனைக் கண்டதும் தந்தை ஓடிவந்து தழுவுகிறார். மற்றக் கதைகளில் வீரன் பேற்றை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். இக்கதையிலோ பேறு வீட்டிலேயே காத்திருக்கிறது.

“பணத்தைப்பற்றி ஒன்றும் கேளாமல், வா என்று மட்டும் சொல்லுங்கள்” என்று அத்தாயிடம் கூறி வந்தோம். அவன் இன்னும் வரவில்லை. ஆனால் முன்பு தொலைபேசியை எடுக்கவும் அஞ்சியவன், இப்போது ஞாயிறுதோறும் தானே அழைத்துப் பேசுகிறானாம்.

பெற்றோரே, வென்று திரும்பியவர்களின் கதைகளைப் பிள்ளைகளுக்குத் தவறாது சொல்லுங்கள். அவற்றோடு, தோற்றுத் திரும்பியவனுக்குக் கதவு திறந்திருந்த கதையையும், அவர்கள் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்னரே சொல்லிவையுங்கள்.