சத்தம் போட்டா மன்னிக்கலாம்... சூட்டுல கைவிட்டா?

வண்டி வாங்கின கையோட நம்ம ஆட்கள் முதல்ல மாத்துறது எது? சைலன்சர், ஹாரன், ஸ்டிக்கர்! பிரேக் பேடு? அதெல்லாம் 'மெக்கானிக் அண்ணன் பார்த்துப்பாரு' லிஸ்ட். அவரும் ஒருநாள், "பேடு தேஞ்சுபோச்சு தம்பி, கம்பெனி ஐட்டம் போடவா, வெளி ஐட்டம் போடவா?"ன்னு கேட்பாரு. விலையைக் கேட்டதும் நம்ம வாய் தானா "வெளியவே வாங்கிடலாம்ணே"ன்னு சொல்லிடும். அதுல தப்பே இல்லை பாஸ். ஆனா, எந்த 'வெளி'ங்கறதுதான் மேட்டர்!

வெளி பேடு எல்லாமே டூப்ளிகேட் கிடையாது. வண்டி கம்பெனிகள் பெரும்பாலும் பேடைத் தாங்களே செய்யறதில்லை. அதுக்குன்னே இருக்கிற நிறுவனங்கள்கிட்ட வாங்கித்தான் பொருத்துறாங்க. சென்னை பாடியில வேர் விட்ட பிரேக்ஸ் இந்தியா (1962), சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் (1974) எல்லாம் இந்தத் தொழில்ல பழுத்த ஆட்கள். இந்த மாதிரி நிறுவனங்கள் தங்களோட சொந்த டப்பாவிலயும் கடைக்கு சரக்கு அனுப்பறாங்க. இது ஒரு 'வெளி'. இவங்க டப்பாவை அப்படியே காப்பியடிச்சு, உள்ளே எதையோ அடைச்சு விக்கறது இன்னொரு 'வெளி'. நாம ஓட வேண்டியது இந்த ரெண்டாவதைப் பார்த்துத்தான்!

பேடு மாத்தின டிரைவர்கள், பைக் பசங்க யார்கிட்ட பேச்சுக் கொடுத்தாலும், மூணு புகார்தான் மாத்தி மாத்தி வரும். ஒவ்வொண்ணா பார்ப்போமா?

புகார் 1: 'கத்துது!'

பேடு மாத்தினதும் 'கிரீச்'னு ஒரு சத்தம். பல சமயம் பேடு அதிர்றதுதான் காரணம். உலோகத்தூள் அதிகம் கலந்த பேடுல இது சகஜம். பின்னாடி வைக்கிற மெல்லிய தகட்டைப் போடாம விட்டாலும் கத்தும். எரிச்சல்தான், ஆனா பெரும்பாலும் ஆபத்து இல்லை. ஒண்ணு மட்டும் கவனிங்க... பழைய பேடு திடீர்னு கத்த ஆரம்பிச்சா, 'நான் தேஞ்சுட்டேன்'னு அது சொல்லுதுன்னு அர்த்தம். சில பேடுகள்ல இதுக்காகவே ஒரு சின்ன இரும்பு நாக்கு வச்சிருக்காங்க.

புகார் 2: 'ஸ்டீயரிங் நடுங்குது!'

'டிஸ்க் வளைஞ்சுடுச்சு'ம்பாங்க. நிறைய தடவை வளைவு காரணமில்லை. டிஸ்க் ஒரு இடத்துல தடியா, ஒரு இடத்துல மெல்லிசா தேஞ்சிருக்கும். இல்லைன்னா பேடோட பொருள் அங்கங்கே திட்டுத் திட்டா ஒட்டியிருக்கும். இந்த மேடு பள்ளத்து மேல புதுப் பேடு போட்டா, அது என்ன பண்ணும் பாவம்! டிஸ்க்கை லேத்துல கொடுத்து சீவலாம். ஆனா, குறைஞ்சபட்ச தடிமன் எவ்வளவுன்னு பல டிஸ்க்லயே பொறிச்சிருப்பாங்க. அதுக்குக் கீழே போனா புது டிஸ்க்தான், வேற வழியில்லை. அப்புறம், ஸ்டைலுக்காக ஓட்டை போட்ட மலிவு டிஸ்க் வாங்கினவங்க ஓட்டை ஓரத்துல விரிசல் இருக்கான்னு அடிக்கடி பாருங்க.

புகார் 3: 'மலையிறக்கத்துல பிடிக்கவே இல்லை!'

இதுதான் உயிர் சமாச்சாரம். ஒரு கணக்கு போடுவோம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம். ஆளும் பெட்டியுமா 1,500 கிலோ இருக்கிற கார் இறங்கினா, கிட்டத்தட்ட 28 மெகாஜூல் சக்தியை எங்கேயாவது தொலைச்சாகணும். 90 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு அது! கொஞ்சம் காத்து வாங்கிக்கும். கியரைக் குறைச்சா இன்ஜினும் பங்கு போட்டுக்கும். நியூட்ரல்ல இறக்கினா? அந்தச் சுமை மொத்தமா பிரேக் தலையில!

சூடு எல்லை மீறினா, மட்டமான பேடுல இருக்கிற பிசின் சீக்கிரமே வெந்து வாயுவைக் கக்கும், பிடி வழுக்கும். பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி நிக்காது. பெடல் மெத்து மெத்துனு உள்ளே போச்சுன்னா அது வேற வியாதி... பிரேக் ஆயில் கொதிச்சுடுச்சு. புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கணும். ஈரத்தை உறிஞ்சிட்டா 140லயே கொதிச்சுடலாம். அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தச் சொல்றாங்க.

'என் பைக்லதான் ஏபிஎஸ் இருக்கே!'ங்கறீங்களா? 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரல்லயே அது கட்டாயமாச்சு, சரி. ஆனா, சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கறது மட்டும்தான் ஏபிஎஸ் வேலை. பிடியைப் பேடுதான் கொடுக்கணும்!

வாங்கறப்ப கவனிங்க:

* பேடு மேல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கான்னு பாருங்க. முதல் எழுத்து சாதாரண சூட்டுல உராய்வு எவ்வளவு, ரெண்டாவது அதிக சூட்டுல எவ்வளவுன்னு சொல்லும். 'ஈ'ன்னா 0.25 முதல் 0.35. 'எஃப்'னா 0.35 முதல் 0.45. முதல்ல எஃப், அடுத்து ஈன்னு இருந்தா, சூட்டுல பிடி குறையும்னு அர்த்தம்.

* பில் கேளுங்க. பில் தர யோசிக்கிற கடையில பேடு வாங்காதீங்க.

* ஒரு அச்சுல ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா, பிரேக் பிடிக்கறப்ப வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

* மாத்தின மறுநாளே மலைக்குக் கிளம்பாதீங்க. முதல் 200, 300 கிலோமீட்டர் மிதமா ஓட்டிப் பேடும் டிஸ்க்கும் ஒண்ணோட ஒண்ணு பழகட்டும்.

ஊருக்குள்ள 40ல போறப்ப எல்லாப் பேடும் நல்ல பேடுதான். அதோட சுயரூபம் கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல இறங்கறப்பதான் தெரியும். அங்கே போய்த் தெரிஞ்சுக்கறது ரொம்ப லேட்! அப்படி இறங்கறப்ப கருகின வாடை வந்தா, ஜோக்கடிச்சுக்கிட்டே ஓட்டாதீங்க. ஓரமா நிறுத்துங்க. தண்ணி ஊத்தாதீங்க, சூட்டுல டிஸ்க் விரிசல் விடலாம். தானா ஆறட்டும். அதுவரைக்கும் ஒரு டீ சொல்லுங்க... கூடவே ஒரு வடை!