வரிசைக்கு வராத இரும்பு



சர்க்கரைப் பாகை அசைக்காமல் நாட்கணக்கில் விட்டால் கற்கண்டு விளையும். அதே பாகை முறுகக் காய்ச்சித் தட்டில் ஊற்றிச் சட்டென ஆறவிட்டால் கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கும். பொருள் ஒன்றுதான், ஆறும் வேகம்தான் வேறு. இரும்பையும் இப்படிக் கண்ணாடியாக்கலாம் என்றால் நம்புவீர்களா?

சாதாரண இரும்பில், அணுக்கள் காலைக் கூட்டத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாக நிற்கின்றன. எந்த அணுவை எடுத்தாலும் அதையொட்டி 8 அணுக்கள் இருக்கும். இரும்பை உருக்கினால், மணியடித்ததும் மைதானத்தில் ஓடும் பிள்ளைகளைப் போல அணுக்கள் அலைகின்றன. மெல்ல ஆறவிட்டால் மறுபடியும் வரிசைக்கு வந்துவிடும். வரிசைக்கு வர நேரமே கொடுக்காமல், திடீரென விசில் ஊதி நிறுத்திவிட்டால்? ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே நிற்பார்கள். அதுதான் உலோகக் கண்ணாடி. 1960இல் அமெரிக்காவில் போல் டூவெஸ் என்ற அறிஞரின் குழுவினர் தங்கமும் சிலிக்கனும் கலந்து இதை முதலில் செய்து காட்டினார்கள்.

தனி இரும்பு விசிலுக்குக் கட்டுப்படாது. மிக விரைவாக வரிசைக்கு ஓடிவிடும். ஆகவே 100 அணுக்களில் 20 போரான் அணுக்களாக இருக்கும்படி கலக்கிறார்கள். வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின்மேல் அந்த உருகலைப் பீய்ச்சினால், அது விநாடிக்குச் சுமார் 10 இலட்சம் பாகை வேகத்தில் ஆறி, காகிதத்தைவிட மெல்லிய நாடாவாகிவிடுகிறது.

அப்படியானால் உள்ளே ஒழுங்கே இல்லையா? அங்கேதான் வியப்பு இருக்கிறது. போரான் சிறிய அணு. கூட்டத்தில் தொலைந்துவிடாதபடி சின்னத் தம்பியை அண்ணன்மார் சூழ்ந்து நிற்பதுபோல, ஒவ்வொரு போரானையும் 8 அல்லது 9 இரும்பு அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. ஒரு போரான் இன்னொரு போரானைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வரிசை கிடையாது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒழுங்கு உண்டு. இந்தச் சிறு கூட்டங்களின் வடிவத்தை 1970களின் இறுதியில் கேம்பிரிட்ஜ் அறிஞர் காஸ்கெல் விளக்கினார். இரும்பும் போரானும் வரிசையாகச் சேர்ந்த சேர்மங்களிலும் இதே போன்ற கூட்டங்கள் உண்டு என்பதே அவருக்குக் கிடைத்த துப்பு.

இந்த நிலை முழு உறுதியானது அன்று. மலைச்சரிவில் உருண்ட கல் பாதி வழியில் ஒரு மேட்டில் தங்கி நிற்பது போன்றது. நாடாவைச் சுமார் 400 பாகைக்கு மேல் சூடாக்கினால் அணுக்கள் அசைந்து வரிசைக்குத் திரும்பும். வளைந்து கொடுத்த நாடா பிறகு படீரென ஒடியும்.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்பீர்கள். தெருவோரத்து டிரான்ஸ்ஃபார்மர் இரவும் பகலும் முனகுவதைக் கேட்டிருப்பீர்கள் அல்லவா? நம் நாட்டு மின்சாரத்தில், அதற்குள் இருக்கும் இரும்பின் காந்தம் விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. சாதாரண இரும்பில் அணுவரிசைகள் ஒன்றையொன்று முட்டும் எல்லைகள் அதைத் தடுக்கின்றன. மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. உலோகக் கண்ணாடியில் அந்த எல்லைகளே இல்லை. சிலிக்கனும் சேர்த்த இந்த நாடாவால் செய்த டிரான்ஸ்ஃபார்மரில், யாரும் விளக்கேற்றாத நேரத்தில் வீணாகும் மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

அடுத்த முறை பாகு காய்ச்சும்போது பிள்ளைகளை அருகில் அழைத்துக் காட்டுங்கள். இரும்பின் பாடமும் அந்தச் சட்டியில்தான் இருக்கிறது.