வலைத்தளத் திருப்பணி (7): நாச்சியார்கோயிலின் ரகரம்

ஒரு வியாபாரியின் பழைய வலைத்தளத்தைக் கலைக்குமுன் அதன் பக்கங்கள் அனைத்தையும் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். பிரதி எடுத்து முடித்ததும், இத்தொழிலுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் வர்ணங்களிலும் படங்களிலுமே கை வைக்கிறார்கள். எழுத்தைப் பற்றிய விசாரம் கடைசியில்தான் எழுகிறது. இரண்டாயிரமாம் ஆண்டையொட்டித் தமிழில் நிர்மாணிக்கப்பட்ட தளமாயின், அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியே தீர வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கும்பகோணத்துக்கு அருகே, காவிரி வண்டலில் அச்சுப் பிடித்துப் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கும் ஒரு சிறு பட்டறையின் தளத்தை நான் ஏற்றுக்கொண்டபோது, உச்சியில் அமரும் அன்னத்தைப் பெரிதாகக் காட்டும் முகப்பொன்றை வரைந்து சென்றிருந்தேன். பட்டறைக்காரர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "படமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, போன்ல தொறந்தா எழுத்தே படிக்க முடியலைன்னு சொல்றாங்க, அதைச் சரி பண்ணுங்க" என்றார். அவர் நீட்டிய கைப்பேசியில், 'விளக்கு' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து ஆங்கில எழுத்துக்களும் அவற்றினிடையே ஓர் அரைப்புள்ளியும் நின்றன.

காரணம் எளியது. 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டதாயினும், அது சாதாரணக் கணினிகளில் பரவுவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அதுவரையில் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் ஆசனங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியே காரியத்தை நடத்தின. 1999ல் தமிழக அரசு டாம், டாப் என்னும் நியமங்களை ஏற்படுத்தியும், தனித்தனி எழுத்துருக்களின் பழக்கம் நீங்கவில்லை. எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் தமிழாகத் தெரிவது, அஃதில்லாத கைப்பேசியில் அர்த்தமற்ற ஆங்கிலமாகிறது. தேடுபவரின் கண்ணுக்கும் அகப்படுவதில்லை.

என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இவ்வெழுத்தை யூனிகோடாக்கித் தருகின்றன. ஆனால் உண்மையான சிரத்தை அதன் பிறகுதான் வேண்டும். பாமினியில் துணைக்காலுக்கும், புள்ளி பெற்ற ரகரத்துக்கும் ஒரே விசைதான். ஆகவே சில மாற்றிகளில் 'நாச்சியார்கோயில்' என்ற ஊர்ப்பெயரில் ரகர ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலும் அதன்மேல் ஒரு புள்ளியுமாக வந்து நிற்கும். கண்ணுக்கு வேற்றுமை ஏறக்குறையத் தெரியாது. கணினிக்கோ அது வேறொரு சொல். தமிழில் துணைக்காலின்மேல் புள்ளி வரும் சொல்லே கிடையாதாகையால், அந்தச் சேர்க்கையைத் தளம் முழுவதும் ஒரே ஆணையில் ரகர ஒற்றாக மாற்றிவிடலாம், பயமில்லை.

ஔகாரத்தின் சங்கதி அப்படியன்று. 'பௌர்ணமி'யில் உள்ள ஔகாரக் குறி, கொம்பும் தனி ளகரமுமாகப் பிரிந்து வந்துவிடும். அதை ஒரே ஆணையில் திருத்தப் புகுந்தால், நியாயமான கொம்பும் ளகரமும் பெற்ற 'வெளிச்ச'மும் 'வெள்ளிக்கிழமை'யும் சிதைந்துபோகும். ஆகவே ஒவ்வோரிடமாக மனிதக் கண் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பட்டறைக்காரரின் மகள் அச்சுப்படியை உரக்க வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். இதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தெரியவில்லை.

பழைய பக்கங்களின் முகவரிகளையும் கைவிடலாகாது. பில் புத்தகங்களிலும் காலண்டர்களிலும் அச்சேறிவிட்டவை அவை. ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு 301 என்னும் நிரந்தரத் திருப்பமாகச் செர்வரில் எழுதி வைத்தால், பழைய முகவரியைத் தட்டுபவர் வெறும் பிழைச்செய்தியைக் காணாமல் உரிய பக்கத்துக்கே வந்து சேர்வார்.

விலைப்பட்டியல் மட்டும் இன்னும் ஸ்கேன் செய்த படமாகவே இருக்கிறது. எடைக்கு விலை சொல்லும் சரக்காகையால் பித்தளையின் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் அதுவும் மாற வேண்டும். அதைப் பட்டறைக்காரரே தம் கையால் திருத்திக்கொள்ளும்படி அமைக்கும் விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.